திரும்பி வாற பாதை காட்டுமோ?

வெள்ளவத்தை,
மார்ச் 13

பெருமதிப்புக்குரிய சபா சித்தப்பாவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அம்மா விளக்கேற்றும்போது உங்கள் வீட்டார் எல்லோருடைய பெயரையும் வயது வரிசையில் சொல்வதால் நீங்களும் சுகமாகவே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆகஸ்டில் வரும்போது பிள்ளைகளைக் காட்டுப் பாதைகளில் ஜீப்பில் கூட்டிப்போக எந்த ஜீபீஎஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அப்பா அனுப்பிய குரற்பதிவுகள் ஒவ்வொன்றும் பதினொரு நிமிடம் ஓடுகின்றனவாம். எழுத்தில் தரும்படி சித்தி கேட்டிருந்தார். ஆகவே எழுதுகிறேன்.

முதலில் நான் சொல்லாமல் விட்டதைப் பதிந்துவிடுகிறேன். பெப்ரவரி ஆறாம் திகதி, ஒருகொடவத்தை வாகனத் தரிப்பிடத்தில் எனக்கென்று ஒதுக்கிய அலுவலக ஜீப்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நிறம் வெள்ளை என்று அப்பாவிடம் சொன்னேன். டயர்கள் புதியவை என்று சொன்னேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நாலு திருகாணி போட்டு ஒரு ஜீபீஎஸ் ஏற்கெனவே பூட்டியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

காரணம் இருந்தது. என் வேலை உங்களுக்குத் தெரியும்: மாங்குளத்தில் தங்கிக்கொண்டு, வன்னிக் காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் சிறு குளங்களைத் தேடிப் போய், கட்டு மிஞ்சியிருக்கிறதா, தண்ணீர் திறக்கும் துருசு இருக்கிறதா என்று பதிய வேண்டும். ஜீப்பை நானே ஓட்ட வேண்டும். மார்ச் முதலாம் திகதி வரச் சொல்லியிருந்தார்கள். நியமனக் கடிதம் வந்த நாளிலிருந்து அப்பா "ஏலாது" என்ற ஒரு சொல்லோடு நின்றார். ஏன் என்று கேட்டால் யானை என்பார், அடுத்த நாள் பாம்பு என்பார், ஒரு நாள் அங்கே காலையில் தின்னப் பாண் கிடைக்காது என்றார். அப்போதுதான் நீங்கள் தொலைபேசியை வைக்கப்போகிற நேரத்தில், "நல்ல ஜீபீஎஸ் ஒண்டு இல்லாமல் பிள்ளையைக் காட்டுக்குள்ள விடாதையுங்கோ அண்ணை" என்று ஒரு வசனம் சொன்னீர்கள். நீங்கள் அதை மறந்திருப்பீர்கள். அப்பா அன்றிலிருந்து "ஏலாது" என்பதை விட்டுவிட்டு "எது?" என்று கேட்கத் தொடங்கினார். வண்டியில் ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னால் மறுபடி யானைக்குப் போய்விடுவார். அதனால் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான், அவர் தேடுவதும் "ஏலாது"தான், கொஞ்சம் நீளமானது என்று எனக்கு விளங்கியது.

இருபத்தைந்து வருடம் கப்பல் முகவர் கந்தோரில் பத்திரம் நிரப்பியவர் சும்மா தேடுவாரா? ஒரு கொப்பி வாங்கிக் கோடு போட்டார். செய்மதி, பற்றரி, தண்ணீர், வெயிலில் திரை தெரிதல், ஈரக் கையால் அமத்தல், வரைபடம் என்று நிரல்கள். கடைசி நிரலுக்கு மேலே "தி.பா." என்று மட்டும் எழுதியிருந்தது. கேட்டேன், "அது என்ரை பாவனைக்கு" என்றார்.

கைத்தொலைபேசியே போதும், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும் என்று நான் சொன்னேன். இது உண்மை, சித்தப்பா. மேலே சுற்றும் செய்மதியைப் பிடிக்கத் தொலைபேசிச் சிக்னல் தேவையில்லை. அப்பா நம்பவில்லை. என் பழைய தொலைபேசியில் சிம்மைக் கழற்றிவிட்டு, எங்கள் ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கல்லொன்றில் ஏறி நின்றுகொண்டு, மற்றத் தொலைபேசியில் அம்மாவை அழைத்தார். "இஞ்ச, ஜெகா, நான் இப்ப கடலுக்குள்ள நிக்கிறன். கரையிலயிருந்து இருபது மீற்றர் எண்டு காட்டுது." அம்மா தாளித்துக்கொண்டிருந்தார். "சரி, வரேக்க ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார். அரை மணி வெயிலில் நின்றதில் தொலைபேசி சூடாகித் தானாக அணைந்தது. கொப்பியில் "கடல்" என்று எழுதி அந்த வரியை வெட்டினார்.

அடுத்தது, காரில் ஒட்டி வைத்தால் பெண் குரலில் கதைக்கும் வகை. இதைப் பரீட்சிக்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து பிறெடி அங்கிள் தன் ஜீப்போடு வந்தார். அப்பாவுக்குக் கந்தோரில் எதிர் மேசையில் இருந்தவர்; ஓய்வுபெற்றபின் ஞாயிறு பூசை முடிந்ததும் ஜீப்பைச் சேற்றுக்குள் ஓட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. தார் வீதி இருக்கும் மட்டும் அந்தக் குரல் ஒழுங்காகக் கதைத்ததாம். தார் முடிந்ததும் "திரும்பிச் செல்லவும், திரும்பிச் செல்லவும்" என்று ஆங்கிலத்தில் நிறுத்தாமல் சொன்னதாம். வீதி இல்லாத இடத்தில் அந்த வகை உதவாது, சித்தப்பா. ஆனால் அப்பாவுக்கு அதன்மேல் ஒரு மதிப்பு. "நல்ல வளர்ப்பு" என்று அம்மாவிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிறு பிறெடி அங்கிளுடைய கையடக்கக் கருவிக்குப் பரீட்சை. இடம் வத்தளைக்கு அங்கால் ஒரு சதுப்பு நிலம். அப்பா படியிறங்கிப் போன பிறகுதான் அவருடைய மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜுக்கு மேலே இருப்பதை அம்மா கண்டார். பல்கனியால் எட்டிப் பார்த்தேன். அப்பா ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தார். "வெளிக்கிட்ட ஆளைப் பின்னால கூப்பிடுறதோ? போற காரியம் சரிவராது." ஜீப் போய்விட்டது. மிச்சத்தைப் பிறெடி அங்கிள் சொல்லித்தான் அறிந்தேன். அவருடைய கருவியில் மூன்றாம் புள்ளி கல் போட்ட நல்ல பாதை. எட்டாம் புள்ளி, போன வருடம் ஜீப் புதைந்த குழி; இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்பதற்காகப் பதிந்து வைத்தது. கண்ணாடியில்லாத அப்பா எட்டை மூன்றென்று வாசித்து அமத்திவிட்டு, "இடக்கைப் பக்கம், இன்னும் நாப்பது மீற்றர், நேர போ" என்று வழி சொல்லியிருக்கிறார். முன் சில்லு இறங்கிய பிறகுதான் பிறெடி அங்கிளுக்கு இடம் பிடிபட்டது.

"ஐயோ தியாகு, இது போன வருசம் நான் புதைஞ்ச குழிடா!"

"அப்ப கருவி சரியாத்தான் காட்டியிருக்கு" என்று சொல்லி அப்பா கொப்பியை எடுத்தாராம். இப்போதும் அதில் "துல்லியம்: மிக நன்று" என்று இருக்கிறது. இழுக்க ட்ரக்டர்காரரை அழைத்து, கருவி காட்டிய அகலாங்கு நெட்டாங்கு இலக்கம் முழுவதையும் அப்பா சிங்களத்தில் இரண்டு தரம் வாசித்தார். அவர் "ஏக கொஹெத?" என்று கேட்டார், அது எங்கே என்று. பிறெடி அங்கிள் தொலைபேசியைப் பறித்து, செபஸ்தியார் சுரூபத்துக்குப் பக்கத்துப் பேக்கரிக்குப் பின்னால் என்றார். பத்து நிமிடத்தில் ட்ரக்டர் வந்தது.

முழங்கால் வரை சேற்றோடு வாசலில் நின்றபடி அப்பா அம்மாவைப் பிடித்தார். "கண்ணாடியைக் கண்டனீர் எண்டால் கூப்பிட்டிருக்கலாமெல்லோ?"

"வெளிக்கிட்ட ஆளைப் பின்னால கூப்பிடுறதோ?"

"மூடநம்பிக்கை! மேல செய்மதி சுத்துது, நீர் முன்னாலயும் பின்னாலயும் பாத்துக்கொண்டு நில்லும்."

"காலைக் கழுவிப்போட்டு உள்ள வாங்கோ, செய்மதி" என்றார் அம்மா.

இப்படியே மார்ச் முதலாம் திகதி வந்து போனது. நான் இரண்டு கிழமை தவணை கேட்டு எழுதினேன். போன செவ்வாய் மாங்குளத்திலிருந்து எங்கள் இணைப்பாளர் ஜெயராணி தொலைபேசி எடுத்தார். "சாருஜா, பதினஞ்சாம் திகதி பின்னேரத்துக்குள்ள நீர் இஞ்ச கையெழுத்து வைக்கோணும். இல்லாட்டி அடுத்த ஆளைக் கூப்பிடுவம். எனக்குக் கோவம் ஒண்டும் இல்லை, பிள்ளை. குளங்கள் காத்துக்கொண்டு நிக்கும், மழை நிக்காது." இதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் கொப்பியை மூடிவிட்டு, "சட்டையை மாத்திக்கொண்டு வா, கடைக்குப் போவம்" என்றார். தான் அடிக்கடி போய்வந்த அந்த ஜீபீஎஸ் கடைக்கு அதுவரை என்னை ஒரு தரமும் கூட்டிப்போகவில்லை.

கடையில் பஹ்மியா என்ற பெண்தான் நிற்கிறார். அப்பாவைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். "வாங்க அங்கிள். இன்டைக்கிப் பன்னெண்டாவது தரம்." கையடக்க வகை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார், அப்பா அதைத் தொடவில்லை.

"மகள், இது திரும்பி வாற பாதை காட்டுமோ?"

"போன தரமும் இதையேதான் கேட்டீங்க அங்கிள், அதுக்கு முந்தின தரமும். காட்டும். போற பாதையெல்லாம் புள்ளி புள்ளியா வெச்சிக்கிட்டே போகும். இந்தப் பட்டன அமத்தினா அப்புடியே திருப்பிக் கூட்டிட்டு வரும்."

"பற்றரி முடிஞ்சால்?"

"கடையில விக்கிற சாதாரண பற்றரிதான். மாத்துங்க."

"பெரிய மரங்களுக்குக் கீழ?"

"கொஞ்சம் சுணங்கும். காட்டும்."

அப்பா என்னைப் பார்க்காமல் கேட்டார். "போன ஆளுக்குத் திரும்பி வர விருப்பமில்லாட்டி?"

பஹ்மியா என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். "அதுக்கு நீங்க வேற கடைக்குத்தான் போகணும், அங்கிள்."

கடைசி நிரலில் இருந்த "தி.பா." திரும்பும் பாதை என்பது அப்போது தெரிந்தது. அப்பா வன்னிப் பக்கத்திலிருந்து கடைசியாக வந்தது தொண்ணூற்றாறில், சண்டைக்குத் தப்பி, ட்ரக்டர் பெட்டியில். அதற்குப் பிறகு அவர் திரும்பிப் போகவில்லை. இதை உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை; அதே பெட்டியில் நீங்களும் இருந்தீர்கள்.

கருவியை வாங்கிவிட்டோம். ஆகவே சித்தப்பா, உங்கள் கேள்விக்கு விடை: கையடக்க வகையை வாங்குங்கள். திரை சிறியதானாலும் உச்சி வெயிலில் தெரியும். பட்டன் உள்ளதாகப் பாருங்கள். ஈரக் கைக்குத் தொடுதிரை கீழ்ப்படியாது. கழற்றி மாற்றும் பற்றரியாக இருக்கட்டும். வரைபடத்தை இங்கே வருமுன் ஏற்றிவிடுங்கள். தொலைபேசியையும் கையிருப்பாக வைத்திருங்கள். வாங்கினால் மட்டும் போதாது, எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று அப்பா அழுத்திச் சொல்லச் சொன்னார். எனக்கானதில் புதுப் பற்றரி போட்டு, வீட்டை முதலாம் புள்ளியாகப் பதிந்து, பழைய சால்வையில் சுற்றி வைத்திருக்கிறார். நாளை மறுநாள் காலை வெளிக்கிடுகிறேன். அந்தக் கருவி இல்லாமல் ஒழுங்கை முகப்பைத் தாண்டக்கூடாது என்பது உத்தரவு.

சித்திக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, ஆகஸ்ட் வரை ஒருவரோடொருவர் சண்டை பிடிக்காமல் இருக்க எல்லாம்வல்லவன் அருள வேண்டும்.

தங்கள் பெறாமகள்,
சாருஜா

பி.கு.

மாங்குளம், மார்ச் 22. மேலே உள்ளதை அனுப்புமுன் இதையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. கருவி என்னிடம் இல்லை.

பதினைந்தாம் திகதி விடியமுன் போய் ஜீப்பை எடுத்து வந்து, உள்ளே பூட்டியிருந்த ஜீபீஎஸ்மேல் ஒரு துவாயைப் போட்டு மூடி, உடுப்புப் பை, தண்ணீர்க் கலன், அம்மா கட்டிய நாலு சாப்பாட்டுப் பொதி, பருத்தித்துறை வடைப் பேணி எல்லாம் ஏற்றி, போயிட்டு வாறன் என்று முறையாகச் சொல்லிப் புறப்பட்டேன். அநுராதபுரத்தில் தேநீருக்கு நிறுத்தியபோதுதான் தேடினேன். வீட்டிலிருந்து அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. அப்பா கவனிக்கவில்லை என்று நினைத்தேன். மூன்று மணிக்கு மாங்குளத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு எடுத்தேன்.

"ஃபிரிட்ஜுக்கு மேல இருந்தது பிள்ளை" என்றார் அம்மா. "நீ ஒழுங்கை முகப்பில, காலி வீதிக்கு ஏற இடம் கிடைக்காமல் நிண்டுகொண்டிருந்தாய். அப்பா அதைக் கையில வைச்சுக்கொண்டு பல்கனியில நிக்கிறார். கூப்பிடுங்கோவன், கேக்கும் எண்டு நான்தான் சொன்னனான். வெளிக்கிட்ட பிள்ளையைப் பின்னால கூப்பிடுறதோ எண்டு என்னட்டையே கேக்கிறார்!"

"ஃபோன் எடுத்திருக்கலாமே அம்மா?"

"அதையும் கேட்டனான். ஃபோனில கூப்பிட்டாலும் பின்னாலதானாம்."

அப்பா தொலைபேசியை வாங்கினார். வண்டியில் முதலிலிருந்தே ஒன்று பூட்டியிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். 

"அது திரும்பி வாற பாதை காட்டுமோ?"

"ஓம் அப்பா."

"அப்ப சரி."

"பின்னால கூப்பிடுறது மூடநம்பிக்கை எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"மூடநம்பிக்கைதான்" என்றார் அப்பா. "கூப்பிட்டிருந்தா நீ திரும்பி வந்திருப்பாய். வந்திருந்தா நான் பிறகு விட்டிருக்க மாட்டன்."

நீங்கள் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம், சித்தப்பா. வீட்டில் இருப்பது ஆகஸ்டில் உங்களுக்கு உதவும். நான் இதுவரை ஏழு குளங்களைப் பதிந்திருக்கிறேன். அப்பா தினமும் காலையில் அந்தக் கருவியோடு வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய், மரக்கறி வாங்கி, பட்டனை அமத்தி, அது காட்டும் பாதையால் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்.