யோசனையாரும் ஒரு வரித் திருத்தமும்

நாலு பேர் சேர்ந்து எழுதும் கையேடு எங்கே இருக்கிறதோ, அங்கே யோசனையார் என்றொரு பிறவி இருந்தே தீரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சொந்தமாக ஒரு வரி எழுதமாட்டார். அடுத்தவர் எழுதிய ஒரு வரியையும் சும்மா விடமாட்டார்.

நம் யோசனையார் கட்டிக்காப்பது வீட்டு மோட்டார்களைப் பழுது பார்க்கும் கையேடு. முகம் தெரியாத நாற்பது பேர் இணையத்தில் கூடி எழுதுவது. யார், எந்த வரியை, என்றைக்கு மாற்றினார் என்பதைக் கணினி ஒன்றுவிடாமல் குறித்து வைத்திருக்கும். திருத்தம் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் யோசனையார் பார்த்து, 'சேர்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் கையேட்டில் ஏறும். சொத்தை எழுதிக்கொடுப்பது போல, அதை அழுத்த அவருக்கு மனசே வராது.

ஒருநாள் மோட்டார் பட்டறை நடத்தும் பெண்மணி ஒரே ஒரு வரி அனுப்பினார்: 'பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும், அதை வெளியேற்றாமல் தொடாதீர்கள்.'

யோசனையார் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "அருமை மேடம். ஒரு சின்ன யோசனை..."

எச்சரிக்கையைப் படத்துக்கு மேலே போடலாமா, கீழே போடலாமா? கட்டம் கட்டினால் சிவப்பா, ஆரஞ்சா? சிவப்பு என்றால் படிப்பவர் மிரண்டுவிடமாட்டாரா? கண்டன்சர் என்றால் என்ன என்று முதலில் ஓர் அத்தியாயம் வேண்டாமா? அந்தம்மா ஒவ்வொன்றையும் செய்து அனுப்ப அனுப்ப, பதினான்காவது யோசனையில், கட்டமே வேண்டாம், முதலில் இருந்ததே தேவலை என்றார் யோசனையார். மூன்று வாரம் ஓடிவிட்டது.

பொறுக்கமுடியாமல் அந்தம்மா போனிலேயே கூப்பிட்டார். "சார், இந்தக் கையேட்டைப் பாத்து மோட்டாரைப் பிரிச்ச ஒருத்தருக்கு ஷாக் அடிச்சிருக்கு. அடுத்த ஆளுக்கு அடிக்கிறதுக்குள்ள சேத்துடுங்க."

"அவசரப்பட்டா தரம் கெட்டுடும் மேடம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை யோசனையார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. ஆளைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. "நம்ம கையேடு எதுக்கு இருக்கு?" என்று அவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கினார். மூடியைக் கழற்றினார். அதில் சொன்னது சொன்னபடி உள்ளே கையை விட்டார்.

கையேட்டில் என்ன இல்லை என்பது விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரை ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"என்னங்க, ஆயிடுச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆயிடுச்சு" என்றார், ஷாக் தூக்கிப்போட்டதில் பின்னாலிருந்த வாளிக்குள் உட்கார்ந்தபடி.

உயிருக்கு ஒன்றுமில்லை, மானத்துக்குத்தான் சேதம். பாவம், உண்மையாகவே வெட்கப்பட்டார். நேராகக் கணினிக்குப் போனார், ஷாக் அடித்த அதே விரலால் பொத்தானை அழுத்தினார். வரி ஏறிவிட்டது. அப்பாடா என்று நாம் மூச்சு விடுவதற்குள், அடியில் ஒரு குறிப்பும் ஏறியது: 'சேர்த்தாயிற்று. ஒரு சின்ன யோசனை: இவ்வளவு முக்கியமான விஷயத்தை மேடம் இன்னும் சீக்கிரம் அனுப்பியிருக்கலாம்.'

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, 'எல்லாம் சரிதான், அந்த மனைவியை மட்டும் கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே' என்று உங்களுக்கு ஓர் எண்ணம் ஓடியதே? ஓடவில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.