ராமிரெஸுக்கு எந்த ஊர்?

"ஏங்க, அவருக்கு எந்த ஊருன்னு கேட்காமயா டாக்கோ வாங்கிட்டுப் போனீங்க?" என்று கலாவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ராமிரெஸ்னு பேரு, ஸ்பானிஷ் பேசுறாரு. மெக்சிகன்தானே, அவங்க ஊரு சாப்பாடு பிடிக்கும்னு அஸ்யூம் பண்ணிட்டேன்" என்றான் செல்வராஜ்.

மேனேஜர் ராமிரெஸ் கியூபாக்காரராம். பொட்டலத்தைத் தொடக்கூட இல்லை.

2001. ரிச்சர்ட்சன் நகரில் டெலிகாம் கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக்கொத்தாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை செல்வராஜின் டீமில் ஒருவர் காலி என்று பேச்சு. வேலை போனால் விசாவும் போகும். கலாவதிக்கு ஏழாம் மாதம்.

"டைரக்டர் மகாதேவன் சார்கிட்ட பேசுங்களேன்" என்றாள் கலாவதி.

"அவரு நம்ம தமிழ் ஆளு, விட்டுக்கொடுக்க மாட்டாரு. முதல் நாளே, கோவில்பட்டியில எந்தத் தெருன்னு எவ்வளவு பாசமா விசாரிச்சாரு! இந்த ராமிரெஸைத்தான் சரிக்கட்டணும்."

டொராண்டோவிலிருந்து வந்திருந்த நண்பனிடம் அசல் கியூபா சுருட்டு இருந்தது. கெஞ்சி வாங்கி, மறுநாள் ராமிரெஸின் மேஜையில் வைத்தான்.

ராமிரெஸின் முகம் சிவந்தது. "என் அப்பாவை ஜெயிலில் போட்ட அரசாங்கத்தின் சுருட்டு இது. எடுத்துக்கொண்டு போ!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. கியூபாக்காரர்களுக்கு மெக்சிகோக்காரர்கள் என்றால் இளக்காரம் என்று எவனோ காதில் ஓதினான். செல்வராஜ் அதையும் நம்பினான்.

"சார், உங்களை மாதிரி கியூபாக்காரர்கள் எங்கே, இந்த மெக்சிகோக்காரர்கள் எங்கே!"

ராமிரெஸ் அவனை நிதானமாகப் பார்த்தார். "என் மனைவி மெக்சிகோக்காரி."

வெள்ளிக்கிழமை காலை, மேஜையைக் காலி செய்துகொண்டு போகச் சொல்லி செல்வராஜின் கையில் அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். கலாவதியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே வாசலுக்கு நடந்தான்.

எச்.ஆரில் வேலை பார்க்கும் யெசெனியா பார்க்கிங் வரை கூடவே வந்தாள். அவளும் ஸ்பானிஷ் பேசும் எல் சால்வடாரில் பிறந்தவள்.

"ராமிரெஸ் தன் ஆட்களை மட்டும் காப்பாற்றிக்கொண்டார், இல்லையா?" என்றான் கசப்போடு.

"ராமிரெஸா? நீ ஒரு முட்டாள், ஆனால் நல்ல வேலைக்காரன் என்று உனக்காகச் சண்டையே போட்டார். உன்னை அனுப்பச் சொன்னது மகாதேவன்."

"இருக்காது! அவர் எங்கள் ஆள்!"

"'அவன் உங்கள் ஆள்தானே?' என்று நானும் அவரிடம் கேட்டேன்" என்றாள் யெசெனியா. "'எங்களையெல்லாம் பார்த்தால் உங்களுக்கு ஒரே மாதிரியா தெரிகிறது? அவன் தெரு வேறு, என் தெரு வேறு' என்று சிரித்தார்."