ஏறும்போது வலி

“ஜவ்வு கிழிஞ்சிடுச்சி, பிரபா” என்றேன், சோபாவில் காலை நீட்டியபடி.

“ஜவ்வா இழுக்காம ஒழுங்கா சொல்லுங்க. எப்படி?”

“வாலிபால்ல. குதிச்சி அடிச்சேன். சுப்பராயலு வந்து முட்டிமேலயே மோதிட்டான்.”

நான் பந்தையே தொடவில்லை. திண்டிவனம் மைதானத்தில் நிழலில் உட்கார்ந்து புள்ளி எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் வீடு இரண்டாவது மாடி. தண்ணீர் கேன் போடுகிறவர் கீழ் வாசலோடு சரி. இருபது லிட்டரை முப்பத்தாறு படி சுமக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுவது என்று முடிவு செய்திருந்தேன். அதற்காக மூன்று வீடியோ பார்த்துப் படித்தும் இருந்தேன்.

பிரபாவதி எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். “டப்புனு சத்தம் கேட்டுச்சா?”

“எதிர் டீமுக்கே கேட்டுது.”

“வீக்கம்?”

“உள்பக்கமா வீங்கியிருக்கு.”

“படி ஏறும்போது வலிக்குதா, இறங்கும்போதா?”

இந்தக் கேள்வி வீடியோவில் இல்லை. கேன் மேலேதானே வர வேண்டும்? யோசிக்காமல் சொன்னேன். “ஏறும்போதுதான். இறங்கும்போது ஒண்ணுமே இல்ல.”

“கையில வெயிட் இருந்தா?”

“உயிர் போவுது.”

எழுந்து போனாள். பீரோவின் அடித்தட்டிலிருந்து வெளுத்துப்போன முட்டி உறை ஒன்றைக் கொண்டுவந்தாள். ஓரத்தில் மார்க்கர் எழுத்து: பிரபாவதி, 7.

“ஜவ்வு போனா இறங்கும்போதுதாங்க முட்டி நழுவும். காலேஜ்ல கபடி ஆடுனேன். விழுப்புரத்துல மேட்ச். பாடிப் போயி, காலை ஊனித் திரும்பினேன். ஒருத்தரும் மோதல. டப்புனுச்சி. ஒரு மணி நேரத்துல பூசணிக்கா மாதிரி வீங்கிடுச்சி. ஆபரேஷன் பண்ணா தழும்பு தெரியும், மாப்பிள்ளை கிடைக்காதுன்னுட்டாங்க.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே!”

“பொண்ணு பார்க்க உங்கள கிளியனூர்ல சித்தி வீட்டுக்கு வரச் சொன்னாங்களே, ஏன்? அங்க படி கிடையாது.”

பதினொரு வருடம். சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக அவள் இறங்கும்போதெல்லாம் நண்டு என்று கூப்பிட்டிருக்கிறேன். விருந்தாளிகள் எதிரில்கூட. அவர்களும் சிரித்திருக்கிறார்கள்.

உறையை என் மடியில் போட்டாள். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அதைக் காலில் ஏற்றி இழுத்தேன். பாதியில் நின்றுகொண்டது.

“மாட்டிக்கினீங்களா?” என்றாள். உறையைத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். “கேன் வந்து அரை மணி ஆவுது. எனக்கும் கடைக்குப் போவணும். வாங்க.”

முதல் படியில் அவள் சுவரில் கை வைத்து உடம்பைத் திருப்பினாள். நான் அவளைத் தாண்டிப் போய் ஒரு படி கீழே நின்றேன். அவள் இறங்கியதும் அடுத்த படிக்கு இறங்கினேன்.