முளைக்காத பருப்பு

பாடம் நடத்துவதற்கு முன்பே அதன் முடிவைக் கரும்பலகையில் எழுதிவைக்கும் வாத்தியாரைப்போல ஆபத்தான பிராணி உலகத்தில் இல்லை. எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணில், ஸ்பிரிங்வேலுக்கு அருகிலிருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பிராணி நான்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உயிரியல் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். வேலை தற்காலிகம். பள்ளி அதிபர் என் பாடம் ஒன்றைப் பார்த்து, பிடித்திருந்தால்தான் நிரந்தரம். (பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று நானும் மனைவி பவானியும் பேசிக்கொள்ளவே இல்லை. பயம்.) நான் தேர்ந்தெடுத்த பாடம் இயற்கைத் தேர்வு.

பவானியின் குசினியிலிருந்து பச்சைப் பயறும் செம்மஞ்சள் மைசூர்ப் பருப்பும் எடுத்தேன். இரண்டையும் கலந்து புல்லில் தூவ, மாணவர்கள் பறவைகளாகிப் பொறுக்குவார்கள். பச்சைப் புல்லில் பயறு தப்பிவிடும், பருப்பு மாட்டிக்கொள்ளும். முதல் நாள் வீட்டுப் புற்றரையில் ஒத்திகை. பவானிதான் பறவை. (சர்க்கரைப் பொங்கலுக்கு வைத்த பயறு மண்ணாய்ப் போகிறதே என்று பறவை முணுமுணுத்துக்கொண்டே பொறுக்கியது.) எல்லாம் அற்புதமாக வந்தது.

மறுநாள் ‘பயறு வெல்லும்’ என்று கரும்பலகையில் பெரிதாக எழுதி, அடிக்கோடும் போட்டு, வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப்போனேன். அப்போதுதான் மைதானத்தைப் பார்த்தேன். கோடை முடிகிற நேரம். புல் முழுவதும் காய்ந்து மண் நிறத்தில் கிடந்தது. எங்கள் வீட்டுப் புல்லுக்குப் பவானி தினமும் தண்ணீர் விட்டு வந்தாள். (மைதானத்தைக் கடந்துதான் நான் தினமும் வகுப்புக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

அதிபர் உட்காரக் கதிரையோடு வந்துவிட்டார். பின்வாங்க வழியில்லை, தூவினேன். பயறு பளிச்சென்று தெரிந்தது. பருப்போ இருந்த இடம் தெரியவில்லை. வகுப்பின் வாயாடி கரோல் கை நிறையப் பயறைக் கொண்டுவந்து, “சேர், உங்களுடைய வெற்றியாளர்கள்” என்று என் உள்ளங்கையில் கொட்டினாள். வகுப்பே சிரித்தது. பருப்பு வென்றதாக அறிவித்தேன். அதிபர் “பார்ப்போம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டில் கதையைக் கேட்ட பவானி, “அப்ப உங்கட பருப்பு இஞ்ச வேகாதோ?” என்றாள்.

பிறகு நல்ல மழை பெய்தது. சில நாள் கழித்து அதிபர் வகுப்புக்கு வந்து, என்னையும் மாணவர்களையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். நடுவில் பச்சையாக ஏதோ முளைத்திருப்பதாகக் காவலாளி முறையிட்டிருந்தாராம். பார்த்தால், பயறு. பறவைகளின் கண்ணுக்குத் தப்பிய கொஞ்சப் பயறு.

“வென்றது பருப்பல்லவா சேர்? அதில் ஒன்றுகூட முளைக்கவில்லையே?” என்று கேட்டாள் கரோல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் சமைக்கிற மைசூர்ப் பருப்பு தோல் நீக்கி உடைத்தது. அது எப்படி முளைக்கும்? அசடு வழிய அதைச் சொன்னேன்.

கரோல் கொஞ்சம் யோசித்தாள். “அப்படியென்றால் தப்பிப் பிழைத்தால் மட்டும் போதாது. பிள்ளைகளையும் விட்டுப்போகவேண்டும்.”

இயற்கைத் தேர்வின் உயிர்நாடியே அதுதான். நான் எழுதிப்போட்டிருந்தால் பார்த்து எழுதிவிட்டு மறந்திருப்பார்கள், அவளே கண்டுபிடித்துவிட்டாள். பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. அதிபர் என் கையைக் குலுக்கி, நான் பலகையில் எழுதியது சரிதான் என்றார். வேலை நிரந்தரமானது.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது அளவுக்கு மீறிக் கதை அளந்தால், “அந்தப் பருப்பு முளைக்காது” என்று மற்றவர்கள் ஒரே குரலில் சொல்வார்கள். என்ன கேட்டாலும் இங்கிலிஷில் பதில் சொல்லும் என் பேரன்கூட, “அம்மப்பா, அந்தப் பருப்பு முளைக்காது” என்று சுத்தத் தமிழில் என்னை மடக்குகிறான். இந்த நாட்டில் எங்கள் தமிழ் எவ்வளவு தப்பும் என்று தெரியாது. ஆனால் இந்த ஒரு வசனம் முளைத்துவிட்டது.