பதினான்காம் மாடி வேட்பாளர்

நகரசபைத் தேர்தலில் நிற்பதென்று மாமாங்கம் முடிவெடுத்தது ஒரு செத்தவீட்டில். நீக்கிலாசின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அதை அறிவித்தார். நீக்கிலாசைத் தவிர வேறு ஒருவரும் எழும்பிப் போகாமல் கேட்கவில்லை.

நீக்கிலாஸ் பக்கத்து வீட்டுக்காரன். பெண்சாதியைப் பறிகொடுத்துத் தனியாக இருந்தவன். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில், உச்சி மாடியில், இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கட்டடத்தில் எலிவேற்றர் இரண்டு. ஒன்று நின்று மூன்று வருசம். அதைச் சுவரென்றே எல்லாரும் நினைத்துப் பழகிவிட்டார்கள். மற்றது ஜூன் மாதம் நின்றது. கட்டடத்துக் கொம்பனி அதன் கதவில் ஒரு கடிதம் ஒட்டியது. இரண்டு கிழமை கழித்து வந்து கடிதத்தைப் புதுப்பித்தது. எலிவேற்றரைப் புதுப்பிக்கவில்லை.

இரண்டாவதும் நின்ற நாற்பத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நீக்கிலாசுக்கு நெஞ்சுவலி. அம்புலன்ஸ்காரர் இரண்டு பேர் பதினான்கு மாடி ஏறி வந்து, முதலில் தங்களுடைய மூச்சைத் தேடினார்கள். பிறகு அவனை நாற்காலியில் கட்டி இறக்கினார்கள். நாலாம் மாடித் திருப்பத்தில் நீக்கிலாஸ் போய்விட்டான்.

மாமாங்கம் கதைத்துப் பேசிக்கொண்டிருந்த கடைசி மனிதன் அவன்.

மாமாங்கத்துக்கு லேசில் கோபம் வராது. வந்தால் போகாது. ஐந்தாம் மாடிக்காரி உடுப்புத் தோய்க்கும் அறையில் அவருடைய ஈரச் சாரத்தைத் தூக்கி வெளியே வைத்தவள். ஆறு வருசம் பேச்சில்லை. பதினோராம் மாடிக்காரர் தன் மகளின் கலியாணத்துக்கு அழைப்பிதழை நேரில் தராமல் போனில் அனுப்பினவர், நாலு வருசம். எட்டாம் மாடியில் ஒருவர். அவர் என்ன செய்தார் என்பது மறந்துபோய்விட்டது, ஆனால் கோபம் பத்திரமாக இருந்தது.

எல்லாருக்கும் மேலே ஒன்பதாம் மாடி றெமிஜியஸ். கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில், ஒரே மெத்தையில், ஆளுக்கொரு நேர வேலைக்குப் போய் முறை வைத்துப் படுத்தவர்கள் இருவரும். றெமிஜியஸ் பிறகு அச்சுக்கூடம் வைத்தான். மாமாங்கத்தின் தாய் செத்தபோது மரண அறிவித்தலை அடித்தவன் அவன்தான். அதில் பிள்ளைகளின் பெயர் வரிசையில் மூத்த மகன் மாமாங்கத்தின் பெயர் நாலாவதாக வந்தது. தம்பிமார் இரண்டு பேர், தங்கச்சி ஒருத்தி, அதற்குப் பிறகு மாமாங்கம். செத்தவீட்டுக்கு வந்த அறுநூறு பேரும் அதை வாசித்தார்கள். ஒன்பது வருசம்.

நீக்கிலாசின் செத்தவீட்டால் வந்ததும் வராததுமாக மனைவி மனோரஞ்சிதத்திடம் சொன்னார்.

"மனோ, நான் எலெக்சனில நிக்கப்போறன்."

"நில்லுங்க. முதல்ல குளிச்சிட்டு வந்து நில்லுங்க."

"பகிடியில்லை. நீக்கிலாசைக் கொண்டது இந்தக் கட்டடம்."

"கட்டடம் மட்டுமா?"

அந்தக் கேள்வியை மாமாங்கம் குளியலறைக்குள் கொண்டுபோய், தண்ணீரைத் திறந்துவிட்டு வந்தார்.

மனோரஞ்சிதத்துக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. எலிவேற்றர் நின்ற நாளில் இருந்து அவள் கீழே இறங்கியது ஒரேயொரு தரம். நீக்கிலாசின் நாற்காலிக்குப் பின்னால், ஒக்சிசன் போத்தலைப் பிடித்துக்கொண்டு. திரும்பி ஏற மூன்று மணித்தியாலம் எடுத்தது. செத்தவீட்டுக்கும் போகவில்லை. ஆனால் போன் இருந்தது, ஆங்கிலம் இருந்தது. பத்தொன்பது வருசம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்தவள். மாமாங்கம் ஐந்தாம் வகுப்போடு வயலுக்கு இறங்கினவர். ஆங்கிலத்தில் தன் பெயரைக் கண்டால் மட்டும் பிடிப்பார்.

"எலெக்சனில நிக்க என்ன வேணுமெண்டு பாத்துச் சொல்லு."

அவள் கண்ணாடியைப் போட்டுப் போனில் வாசித்தாள். "கனடாக் குடியுரிமை வேணும்."

"இருக்கு."

"பதினெட்டு வயசாகியிருக்க வேணும்."

"அறுபத்தொன்பது. காணுமா?"

"ரொறன்ரோவில இருக்க வேணும். இறங்க ஏலாட்டி வேற எங்க போறது, இருக்கிறம். மறுகா..." நிறுத்தினாள்.

"மறுகா?"

"இருபத்தஞ்சு பேர் கையெழுத்து வைக்க வேணும், இந்த ஆள் நிக்கலாமெண்டு. ஆகஸ்ட் மாசம் மூண்டாம் வெள்ளி, பின்னேரம் ரெண்டு மணிக்கு முதல் குடுக்க வேணும். ஒரு கையெழுத்துக் குறைஞ்சாலும் பேர் வராது. நீங்க கதைக்கிற ஆக்கள் எத்தினை பேர்?"

மாமாங்கம் விரலை மடக்கினார். "நீ."

"மத்தது?"

"நீக்கிலாஸ்."

"அவர் வைக்க ஏலாது."

மாமாங்கம் மடங்குகிற ஆள் இல்லை. பகைக்கவும் ஒரு நெருக்கம் வேண்டும். தூரத்துச் சொந்தங்களோடு அவருக்குப் பகையே இல்லை. வீடு வாங்கி மார்க்கம் என்ற இடத்துக்குப் போன சொந்தம் எல்லாம் தூரத்துச் சொந்தம்தான். அந்தச் சனிக்கிழமை அங்கே மச்சான் சண்முகநாதனின் பேத்தி பெரியவளான சாமத்தியச் சடங்கு. மனோரஞ்சிதம் அவருடைய பெயரில் நிரப்பித் தந்த பத்திரத்தோடு மண்டபத்துக்குப் போனார். பிள்ளைக்கு ஆராத்தி எடுத்து முடிவதற்குள் ஒன்பது கையெழுத்து. ரோல்ஸ் தட்டு வந்தபோது பதினாறு. சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் ஓடமுடியாது. அங்கே மிச்சம் ஒன்பது.

பதினான்கு மாடியையும் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறிவந்து பத்திரத்தை மேசையில் போட்டார்.

"ஒரு பின்னேரம்! இருபத்தஞ்சு! உன்ர புருசன் ஆரெண்டு இப்ப விளங்குதா?"

மனோரஞ்சிதம் விலாசங்களை மேலிருந்து கீழே வாசித்தாள். "எல்லாம் மார்க்கம்."

"அதுக்கென்ன?"

"ரொறன்ரோவில வோட்டு உள்ள ஆக்கள்தான் வைக்கலாம். மார்க்கம் வேற நகரம், அவையளுக்கு அங்க வேற எலெக்சன். இதில ஒண்டும் செல்லாது."

"மார்க்கம் எப்ப வேற நகரமாப் போனது? ஊரில கேட்டா எல்லாரும் ரொறன்ரோ எண்டுதானே சொல்றாங்கள்!"

"ஊருக்குச் சொல்லலாம். எலெக்சன் கந்தோரில சொல்ல ஏலாது."

"போறதுக்கு முதல் சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கல்லையே. சடங்குக்கு ஒராளாவது போறது நல்லதெண்டு நானும் விட்டிட்டன்."

மாமாங்கம் இரண்டு நாள் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. கட்டிலில் இருந்து சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலை, தேநீருக்குப் பக்கத்தில் புதிய பத்திரம் ஒன்று கிடந்தது. சுத்தமாக, அச்சடித்த எழுத்தில் நிரப்பியிருந்தது.

"இதை ஆர் கொண்டுவந்தது?"

"கால் நல்லா இருக்கிற ஒராள்."

மாமாங்கம் பத்திரத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். முதற் பெட்டிக்குள் பெரிய எழுத்தில் அவருடைய பெயர். மாமாங்கம். சந்தேகமே இல்லை. அதற்குப் பக்கத்துப் பெட்டியிலும் என்னவோ நீளமாக இருந்தது. அரசாங்கப் பத்திரத்தில் என்னவோ நீளமாக இருப்பது வழக்கம்தானே.

"நான் படி இறங்க ஏலாது. நீங்கதான் கதவு கதவாப் போகவேணும். எல்லாம் இந்தக் கட்டடத்து ஆக்கள், குடியுரிமை உள்ள ஆக்கள். போக முதல் நானும் ஒரு போன் எடுத்துச் சொல்றன்."

"அவங்கட வாசலில நான் போய் நிக்கிறதா?"

"நீக்கிலாசுக்காக எண்டீங்களே."

அவள் பேனையை நீட்டினாள். "முதல் கையெழுத்தை நீங்க வையுங்க. நீங்களே வைக்காட்டி மத்தவன் வைப்பானா?"

நியாயம். முதல் வரியில் மாமாங்கம் தன் கையெழுத்தை வைத்தார். மனோரஞ்சிதம் பக்கத்தில் விலாசத்தை எழுதினாள்.

ஐந்தாம் மாடிக்காரியின் கதவைத் தட்டும்போது அவருடைய கை மூன்று தரம் திரும்பி வந்தது. அவள் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் அடைத்தது. பத்திரத்தின் தலைப்பைப் பார்த்ததும் திறந்தது.

"அட! நல்ல விசயம். தாங்கோ, எங்க வைக்கிறது?"

அவ்வளவுதான். ஆறு வருசப் பகையை அவள் ஒரு பேனைக் கீறலில் முடித்துவிட்டாள். பதினோராம் மாடிக்காரர் தானும் வைத்து, மனைவியையும் கூப்பிட்டு வைப்பித்து, "கட்டாயம் வெல்லவேணும்" என்றார். எட்டாம் மாடிக்காரர் தண்ணீர் தந்தார். எல்லாரும் முதலில் பத்திரத்தின் தலைப்பைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரு சிரிப்பு வந்தது. மாமாங்கம் அன்று படியேறும்போது, இவ்வளவு காலமும் தனக்குள் ஒரு தலைவன் இருந்ததை இந்தக் கட்டடம் அறிந்திருக்கிறது, தான்தான் அறியவில்லை என்று நினைத்தார்.

எட்டு நாளில் இருபத்திநாலு. வெள்ளிக்கு முதல்நாள் மிஞ்சியது ஒன்று.

"ஒன்பதாம் மாடி," என்றாள் மனோரஞ்சிதம்.

"செத்தாலும் போகமாட்டன்."

"அப்ப பேர் வராது."

போனார். றெமிஜியஸ் கதவைத் திறந்தான். அவனுக்கும் நரைத்துவிட்டது. அதை மாமாங்கம் ஒன்பது வருசமாகப் பார்க்காமல் விட்டிருந்தார்.

"வாங்கோ அண்ணை."

"உள்ள வரமாட்டன். கையெழுத்து."

றெமிஜியஸ் பத்திரத்தை வாங்கினான். தலைப்பைப் பார்க்கவில்லை. நேரே கடைசி வரியில் வைத்தான். வைத்துவிட்டு, பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? அண்டைக்கு அக்கா எனக்குப் போன் எடுத்தவா, நாற்காலி தூக்க ஆள் காணாதெண்டு. நான் மேல வரேக்குள்ள நீங்கள் நீக்கிலாசின்ர தலைமாட்டில நிண்டனீங்கள். என்னைக் கண்டதும் மற்றப் பக்கப் படியால இறங்கிப் போட்டியள்."

"நான் கீழ போய் அம்புலன்ஸ் கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"ஓம். நாங்கள் மூண்டு பேர் தூக்கினம். நாலாவது மூலையை அக்கா ஒரு கையால பிடிச்சவா. மாடிக்கு மாடி நிண்டு நிண்டுதான் இறக்கினம். ஏழாம் மாடியில நீக்கிலாஸ் கண்ணைத் திறந்து, 'மாமாங்கம் எங்க?' எண்டு கேட்டவன்."

மாமாங்கம் பத்திரத்தைப் பறித்துக்கொண்டு ஏறினார். ஐந்து மாடிதான். அன்றைக்கு அது நெடுநேரம் எடுத்தது.

வெள்ளிக்கிழமை காலை மனோரஞ்சிதம் நல்ல சேலை ஒன்று உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டு நின்றாள்.

"நீ எங்க?"

"நான் வராம எப்பிடி?"

"முழங்கால்?"

"கிடக்கட்டும்."

புருசன் பெயர் கொடுப்பதைக் கண்ணால் பார்க்கப் பதினான்கு மாடி இறங்குகிறாளே என்று நினைத்து, மாமாங்கம் முன்னால் போய்ப் படிக்கதவைத் திறந்து பிடித்தார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு கதிரை போட்டிருந்தது. அவள் இருந்து இருந்து இறங்கினாள். பதினோராம் மாடிக்காரர் கைபிடித்து விட்டார். ஐந்தாம் மாடிக்காரி தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். நாலாம் மாடித் திருப்பத்தில் கதிரை இருந்தது. அதில் மட்டும் அவள் இருக்கவில்லை.

கீழே றெமிஜியஸ் காரோடு நின்றான். மனோரஞ்சிதம் முன் சீற்றில் ஏறினாள். மாமாங்கம் பின் சீற்றில் ஏறி, வழி முழுக்க ஜன்னலோடு கோபித்துக்கொண்டிருந்தார்.

தேர்தல் கந்தோரில் நேரம் ஒன்று இருபது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பிள்ளை. நெஞ்சில் நதீஷா என்று அட்டை. மாமாங்கம் சேர்ட்டை இழுத்துவிட்டு, பத்திரத்தையும் தன் அடையாள அட்டையையும் வைத்தார். அவள் பத்திரத்தைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். அட்டையைத் திருப்பித் தள்ளினாள்.

"அங்கிள், ப்ளீஸ், கொஞ்சம் பின்னால நில்லுங்கோ. கண்டிடேற் வரட்டும்."

"நான்தான் பிள்ளை கண்டிடேற். பேரைப் பார், மாமாங்கம்!"

"ஓம் அங்கிள், லாஸ்ற் நேம் மாமாங்கம். ஃபெர்ஸ்ற் நேம் மனோரஞ்சிதம்." அவள் எட்டிப் பார்த்தாள். "அன்ரி, உங்கட ஐடி கொண்டுவந்தனீங்களோ?"

முப்பத்தொன்பது வருசத்துக்கு முன் கலியாணப் பதிவில் தன் பெயரை அவளுடைய பெயருக்குப் பின்னால் கட்டிவிட்டு, அதை மறந்துபோன மாமாங்கம், வாயைத் திறந்தபடி விலகி நின்றார். மனோரஞ்சிதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உறுதிமொழியை ஆங்கிலத்தில் ஒரு சொல் தட்டாமல் வாசித்தாள். கையெழுத்து வைத்தாள்.

"ஏன் மனோ?" மாமாங்கம் கிட்ட வந்தார். "என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"மத்தப் படியால இறங்கிப் போவீங்க."

நதீஷா கையெழுத்துகளைப் பேனை முனையால் தொட்டு எண்ணத் தொடங்கினாள். மாமாங்கம் எட்டிப் பார்த்தார். ஐந்தாம் மாடி, எட்டாம் மாடி, பதினோராம் மாடி, கடைசியில் றெமிஜியஸ். அவர் ஏறி இறங்கிச் சேர்த்த அத்தனையும் அவளுக்கு.

மனோரஞ்சிதம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, பத்திரத்தின் முதல் வரியைக் காட்டினாள்.

"கோவிக்காதீங்க. இந்த முறை உங்கட பேர்தான் முதலாவது."