யானை சாப்பு போட்ட கடிதம்

பத்திரிகையில் எழுதும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவள், பாலர் பள்ளியில் உதவியாளர். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போவேன், திரும்பி வரமாட்டேன். ஆனாலும் சாப்பு அண்ணனைப் பற்றி யாராவது எழுதத்தானே வேண்டும்? அவரையே எழுதச் சொன்னால், கட்டுரை கிடைத்ததென்று ஆசிரியரிடம் கையெழுத்து வாங்காமல் நகரமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னியுங்கள்.

ஜொகூரில் சாப்பு அண்ணன் ஏறாத அரசாங்கக் கவுண்டர் கிடையாது. அவர் வருவதைப் பார்த்ததும் பசி எடுத்துச் சாப்பிடக் கிளம்பாத குமாஸ்தாவும் கிடையாது.

முத்திரையை எங்கள் பக்கம் சாப்பு என்போம். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் அவர் முப்பது வருஷம் ஜாகா, அதாவது காவலாளி. சாப்பு விழாத சீட்டோடு ஒரு லாரியும் அவரைத் தாண்டியதில்லை. முதலாளியின் கார்கூட ஒரு தடவை மழையில் நின்றதாம். ஓய்வு பெற்ற பிறகு நிறுத்தி வைக்க லாரி இல்லை. அதனால் கடிதம் எழுத ஆரம்பித்தார். கார்பன் தாள் வைத்து எழுதுவார். அசல் அவர்களுக்கு, நகல் இவருக்கு. கடிதம் கிடைத்ததென்று நகலில் சாப்பு விழும்வரை இடத்தைவிட்டு அசையமாட்டார்.

கோயில் சாம்பாரில் உப்பு அதிகம் என்று எழுதிய கடிதத்துக்கும் கோயில் சாப்பு வாங்கினார். கிளினிக்கில் மின்விசிறி ஓடவில்லை என்று ஒரு கடிதம். மருந்து கொடுக்கும் பெண்ணிடம் வேறு சாப்பு இல்லை. 'உணவுக்கு முன்' என்று குத்திக் கொடுத்தாள். அதையும் பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தினார்.

"எதுவா இருந்தா என்னம்மா? ஒரு ஆளு கையில வாங்குனாங்கன்னு தெரியுதுல்ல?" என்பார்.

எங்கள் பாலர் பள்ளிக்குப் பின்னால் ஒரு பழைய தொழிலாளர் விடுதி, மூன்று மாடி. அதை இடிக்கப் போகிறார்கள் என்று தகரவேலி போட்டார்கள். அந்த விடுதியிலும் கொஞ்ச காலம் காவல் இருந்தவர் அண்ணன். மறுநாளே வந்துவிட்டார்.

"அந்தக் கூரை கல்நார்த் தகடும்மா. எனக்கு நல்லாத் தெரியும். உடைச்சா தூசு பறக்கும், புள்ளைங்க நெஞ்சுல போய் உக்காந்துக்கும்."

இடிக்கும் வேலையை எடுத்த குத்தகைக்காரரோ சாதாரணத் தகடுதான் என்றார். இடிக்க அனுமதி கேட்டபோது கொடுத்த சோதனை அறிக்கை அரசாங்கக் கோப்பில் இருக்குமாம். அதைக் காட்டச் சொல்லி அண்ணன் கடிதம் எழுதினார். பள்ளி சார்பில் கூடப் போக வேண்டிய தலைமையாசிரியைக்குக் காய்ச்சல். என்னை அனுப்பிவிட்டார்.

எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். நாளைக்கும் நான் அந்தக் கவுண்டருக்குப் போக வேண்டியவள். அங்கே இருந்தவர் காக் யாத்தி என்கிற மலாய் அக்கா. கடிதத்தை வாங்கிக்கொண்டு, "அலமாக் அங்கிள், சாப்பு உடஞ்சிருச்சு லா. நாளைக்கு வாங்க," என்று மலாயில் சொன்னார்.

"நான் இங்கேயே இருக்கேன். ஒட்டிட்டுக் கூப்பிடுங்க," என்று அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார்.

பின்னால் வரிசை நீண்டது. எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. கைக்குட்டைக்காகப் பையைத் திறந்தேன். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தில் போடும் யானை சாப்பு உருண்டு விழுந்தது. பள்ளியில் வைத்தால் பிள்ளைகள் நெற்றியில் குத்திக்கொள்வார்கள் என்று நான் பையிலேயே வைத்திருப்பேன்.

அண்ணன் யானையைப் பார்த்தார். காக் யாத்தியைப் பார்த்தார்.

"இத போடுங்க. பக்கத்துல ஒரு கையெழுத்து."

காக் யாத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே குத்தி, தும்பிக்கை ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து மண்வாரி இயந்திரம்தான் வந்தது. விசாரித்தால், அப்படி ஒரு கடிதமே வரவில்லையாம், பதிவேட்டில் இல்லையாம். எங்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மா மீனா, வழக்கறிஞர். கோப்பைத் திறக்கச் சொல்லியும் அதுவரை இடிக்கக் கூடாதென்றும் அண்ணன் சார்பில் அந்த அலுவலகத்தின் மேல் வழக்குப் போட்டார். ஆனால் யானை எப்படி வந்தது என்று நான் சத்தியப் பத்திரம் கொடுக்க வேண்டுமாம்.

"என்னால முடியாதுண்ணே."

"நீ பேசவே வேணாம்மா. தாள்தான் பேசும்," என்றார் அண்ணன்.

என் பத்திரத்தில் சத்திய ஆணையர் சிவப்பில் பெரிய வட்ட சாப்புக் குத்தியபோது, அண்ணன் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பலகாரக் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்கும் பிள்ளை தோற்றுப்போகும்.

ஜொகூர் பாரு நீதிமன்றம். நீதிபதி அம்மா தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இந்த யானை எந்த இலாகா?"

மீனா திரும்பி என்னைப் பார்த்தார். தண்ணீர் குடிக்கப் போகலாம் என்றால் கதவு தூரம். எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"என்னோட யானைங்க, யாங் ஆரிஃப். நல்லா எழுதுன பிள்ளைக்குப் போடுறது."

மலாயில் சொன்னேன்; நீதிபதியை அங்கே யாங் ஆரிஃப் என்றுதான் அழைக்க வேண்டும். நீதிபதி அம்மா கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு முகத்தைச் சரிசெய்து, பக்கத்தில் இருப்பது யார் கையெழுத்து என்று எதிர்த்தரப்பைக் கேட்டார். தங்கள் குமாஸ்தாவுடையதுதான் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கடிதம் வரவில்லை என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. பத்து நாளில் கோப்பைக் கொடுக்க வேண்டும், அதுவரை ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது என்று உத்தரவு.

பத்தாவது நாள் போனோம். காக் யாத்தி புதிய சாப்பைத் தூக்கிக் காட்டி, "இப்ப நல்லா இருக்கு, அங்கிள்!" என்று கோப்பின் நகலில் இரண்டு தடவை குத்தினார். கோப்பின் ஏழாம் பக்கத்தில் இருந்தது: கூரை, கல்நார். நனைத்து, சுற்றிக் கட்டி, முறையாகக் கழற்ற வேண்டும். அக்கம்பக்கத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது.

திரும்பும் பேருந்தில் அண்ணன் கோப்பின் பிரதி ஒன்றை என் மடியில் வைத்து, தன்னுடையதை நீட்டினார்.

"யானையைப் போடும்மா."

"அதான் ஆபீஸ் சாப்பு இருக்கே, அண்ணே."

"அது அவங்க குடுத்ததுக்கு. ஒனக்குக் கெடச்சதுக்கு நீதான் போடணும்."

போட்டேன். பேருந்து ஆடியதில் யானை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அவர் அதை ஊதி ஊதிக் காயவைத்து, வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றுக்கும் மேலாக டின்னில் வைத்து மூடினார். இன்றும் அதுதான் மேலே இருக்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றினோம். இருபத்து மூன்று பேரும் வந்தார்கள். ஒருவனுக்கு மட்டும் சளி, வெறும் சளிதான்.