ஈரல் அண்ணையின் இருமல்

மொன்ரியல் முழுக்கத் தேடினாலும், எதிரில் வருகிற ஆளின் முகத்தை விட்டுவிட்டு ஈரலை நலம் விசாரிக்கிற மனிதர் அவர் ஒருவர்தான். சென்ட் லோரன்டில் நாங்கள் வேலை செய்த மருந்துத் தொழிற்சாலையில் அவருக்கு ஈரல் அண்ணை என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

மாத்திரைகளைப் பெட்டியில் அடைப்பது அவர் வேலை. பக்கத்து மெசினில் நின்ற சீனப் பெண்மணியிடம் இடைவேளைகளில் சீன வைத்தியம் கற்றுக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு மட்டுமே. அதை வைத்தே உடம்பு முழுவதையும் படித்து முடித்துவிட்டார். கோபம் ஈரலில், பயம் சிறுநீரகத்தில், துக்கம் நுரையீரலில். மேற்பார்வையாளர் கத்தினால் நாங்கள் நடுங்குவோம். இவர் மட்டும் செவ்வந்திப்பூத் தேநீரோடு போய், "மிஸ்யூ, உங்கட ஈரல் கொதிக்குது" என்று நீட்டுவார். அவரும் குடித்துவிட்டு மறுபடி கத்துவார்.

நானோ ஆய்வுகூடத்தில் இருப்பவன். உடலியங்கியல் படித்தவன். சும்மா இருக்க முடியுமா?

"அண்ணை, ஈரல் பித்தம் சுரக்கும். கோபம் சுரக்காது."

"தம்பி, நீர் படிச்சது கட்டடம். சீனர் சொல்லுறது அதுக்குள்ள நடக்கிற கந்தோர், ஒஃபிஸ் வேலை. ரெண்டுக்கும் ஒரே பேர்ப்பலகை. இதுக்கேன் சண்டை?"

ஒரு பனிக்காலத்தில் கார் ஓட்டப் பயம் வந்ததும், டொக்டரிடம் போய்த் தன் சிறுநீரகம் பலவீனம் என்றார். அந்த மனிதர் பதறிப்போய் எல்லாவற்றையும் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்றார். அண்ணைக்கு மகா சந்தோஷம். "கட்டடம் பத்திரம். கந்தோரிலதான் ஆளில்லை" என்றபடி, சிறுநீரகத்துக்கு நல்லதென்று எள்ளுருண்டை வாங்கப் போனார்.

பிறகு அவர் மனைவி இறந்துபோனார். இருமல் தொடங்கியது. பனி கொட்டி, கரைந்தும் நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"பேந்து பாப்பம் தம்பி. நெஞ்சுக்க இருக்கிறது துக்கம்."

"கட்டடத்தையும் ஒருக்காப் பாருங்கோ அண்ணை!" என்று ஒருநாள் சாப்பாட்டு அறையில் கத்தியே விட்டேன். என் ஈரலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்தபடி கேட்டார்.

"மருந்து குடிச்சு இருமல் நிண்டிட்டால், நான் மனிசிக்காகத் துக்கப்பட்டது பொய்யெண்டு போயிடாதோ?"



சளியில் இரத்தம் கண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நுரையீரலில் புற்றுநோய். வெட்டியெடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. பார்க்கப் போன என்னிடம், போனில் இருந்த எக்ஸ்ரே படத்தை ஆசையோடு காட்டினார்.

"பாத்தீரே? சீனரும் உம்மட டொக்டரும் கடைசியில ஒரே இடத்தைத்தான் காட்டியிருக்கினம்."

முகத்தில் வாதத்தில் வென்ற களை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவரிடம் தோற்றுப்போக நான் ஆசைப்பட்ட வாதம் அது ஒன்றுதான். அங்கே வெறும் துக்கம் மட்டும் இருந்திருக்கக் கூடாதா, அண்ணை?